ஊவா மலைகளில் ஒரு கமராவின் தகுதி

ஒரு கருவியின் தகுதியை அறிய இரண்டு வழிகள் உண்டு. அதனோடு வரும் கையேட்டைப் படித்து அறிவது ஒரு வழி. அக்கருவி எந்த ஊரில் உழைக்க வேண்டுமோ அந்த ஊருக்குக் கொண்டுபோய், அவ்வூரின் மேட்டிலும் மழையிலும் இருட்டிலும் பழகிப் பார்த்து அறிவது மற்றொரு வழி. இன்று நான் சொல்லப்போவது இரண்டாவது வழியில் அறிந்தவை. கருவி ஒரு கமரா. ஊர், பதுளையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும்.

நிக்கோன் நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அறிவித்த டி 850 என்னும் கமராவையே நான் எடுத்துக்கொண்டேன். இதன்பின் புதியவை பல வந்துள்ளன. 2019இல் வந்த பியூஜிபிலிம் ஜீ.எப்.எக்ஸ். 100, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளால் படம் தீட்டுவது. உள்ளே ஆடியில்லாத சிறிய கமராக்களும் பெருகிவிட்டன. எனினும், திருமணப் படம் எடுத்துப் பிழைக்கும் நண்பர் ஒருவரிடம் இருந்தது இந்த டி 850. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களிலும், பின்னர் வாடை மழை பொழிந்த ஐப்பசி, கார்த்திகையிலும் அவர் அதனை எனக்கு இரவல் தந்தார். வறட்சி, மழை ஆகிய இரண்டு பருவங்களிலும் பழகிய பின்னரே இதைப்பற்றிப் பேசத் துணிகின்றேன்.

முதலில் அதன் பெருமைக்குக் காரணமான நுணுக்கத்தைச் சொல்லுவோம். பழைய கமராவில் பிலிம் இருந்த இடத்திலே, டிஜிட்டல் கமராவில் ஒளியை உணரும் தகடு ஒன்று இருக்கின்றது. டி 850இன் தகடு பழைய 35 மில்லிமீற்றர் பிலிமின் ஒரு சட்டத்தின் அளவினது. அதனுள் 4 கோடியே 57 இலட்சம் ஒளியுணர் புள்ளிகள் அமைந்துள்ளன. நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான வாசலிலே புள்ளிகளை நெருக்கமாக வைத்தால் கோலத்தின் வளைவுகள் எவ்வளவு நுண்ணியனவாக அமையுமோ, அதுபோன்றதே இதுவும். அகலத்தில் 8256 புள்ளிகளும் உயரத்தில் 5504 புள்ளிகளும் கொண்ட இப்படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால், இருபத்தேழு அங்குல அகலமும் பதினெட்டு அங்குல உயரமும் கொண்ட தெளிந்த படம் கிடைக்கும். கண்ணருகே பிடித்துப் பார்த்தாலும் அது கலங்காது.

புள்ளிகள் நெருங்கும்போது ஒவ்வொன்றின் பரப்பும் குறுகும். குறுகிய புள்ளிக்கு ஒளியும் குறைவாகவே கிடைக்கும். இக்குறையைப் போக்கச் செய்த ஏற்பாடு மெச்சத்தக்கது. முன்னைய தகடுகளில் மின்கம்பிகள் ஒளியேற்கும் பரப்பின் முன்னே ஓடின. இதிலே அவற்றைப் பின்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள். வருகின்ற ஒளி தடையின்றி உள்ளே விழுகின்றது.

மேலும், படத்தைச் சற்றே மென்மையாக்கும் வடிகண்ணாடி பல கமராக்களின் தகட்டின்மேல் உண்டு. இதில் அது இல்லை. அதனால் தேயிலைச் செடியின் இளங்கொழுந்தின்மேல் உள்ள வெண்ணிற மயிர்கூடத் தெரிகின்றது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. நெருக்கமாக நெய்த சேலையையோ, தூரத்தே தெரியும் தகரக் கூரையின் வரிகளையோ எடுக்கும்போது, துணியிலும் கூரையிலும் இல்லாத அலைக்கோலம் ஒன்று படத்தில் தோன்றிவிடுவதுண்டு. அவ்வேளையில் ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து எடுத்தல் வேண்டும்.

இனி உடலமைப்பு. மின்கலமும் நினைவட்டையும் சேர்ந்து இக்கமராவின் நிறை 1005 கிராம். தொழிலாளர் படத்துக்கு ஏற்ற நல்ல வில்லை ஒன்றை மாட்டினால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். கொழும்பிலே சமதரையில் இரண்டு கிலோ ஒரு பொருட்டன்று. நமுனுகுலை மலைச்சரிவில், அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதையில், காலை எட்டு மணிக்கு அஃது ஒரு பாரந்தான். ஆயினும் என் முன்னே பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து மடுவத்துக்கு இறங்கிய பெண்ணைக் கண்டபின், கமராவின் பாரத்தைப் பற்றி முறையிட எனக்கு நாவெழவில்லை.

பாரத்தைவிடப் பெரிய இடர் ஒன்றைச் சொல்லவேண்டும். நுணுக்கம் மிகுந்த கமரா, எடுப்பவனின் குறையையும் நுணுக்கமாகவே காட்டிவிடும். மேடேறி மூச்சிரைக்க நின்று எடுத்தால், கை நடுங்கியது அத்தனையும் படத்திலே தெரியும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் பொறி இதன் உடலிலே இல்லை. சில வில்லைகளில் மட்டும் உண்டு. ஆதலால், ஒரு செக்கனின் 250இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரத்தில் ஷட்டர் மூடுமாறு வைத்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டேன். அதனினும் சிறந்த வழி, மேலேறியதும் கமராவைக் கையிலெடுக்காமல் ஐந்து நிமிடம் நின்று, அங்குள்ளோருடன் பேசுவது. மூச்சும் அடங்கும், முகமறியாதவன் என்ற கூச்சமும் நீங்கும்.

மழைக்கும் மூடுபனிக்கும் இதன் மக்னீசியக் கலப்புலோக உடல் நன்றாகவே தாக்குப் பிடிக்கின்றது. இணைப்புகள் தோறும் ஈரம் புகாதவாறு அடைப்பிட்டிருக்கின்றார்கள். எனினும், இது நீரில் நனையலாம் என்பதற்கான அனுமதியன்று. அப்புத்தளை மேட்டின் குளிர் பனியிலிருந்து அடுப்பெரியும் லயக் காம்பிராவுக்குள் திடீரென நுழைந்தால் வில்லையின்மேல் வியர்வை பூத்துவிடும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்திருந்து பின்னர் எடுத்தல் நலம். ஈரப்பதம் மிகுந்த மலைநாட்டிலே வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்தலும் உண்டு. அதனைத் தடுக்க எந்த நிறுவனத்தின் அடைப்பும் போதாது. உலர்ந்த பெட்டியும், ஒழுங்காகத் துடைக்கும் கையுமே காவல்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, பின்புறத்தில் மேலும் கீழும் சாயக்கூடிய திரை. இஃது ஒரு சிறு வசதிபோலத் தோன்றும். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் படங்களை நினைத்துப் பாருங்கள். இடுப்பளவு செடிகளின் நடுவே நிற்கும் பெண்ணை, மேட்டுப் பாதையில் நின்றவர் கீழ்நோக்கி எடுத்த படங்களே பெரும்பாலும் நம் கண்ணிற் பட்டவை. அதிலே கூடை தெரியும்; குனிந்த தலை தெரியும்; முகம் தெரியாது. திரையைச் சாய்த்துக் கமராவை நெஞ்சளவிலே தாழ்த்திப் பிடித்தால், பழைய ரோலிபிளெக்ஸ் கமராவில் குனிந்து பார்த்து எடுத்தவர்களைப்போல, எதிரிலுள்ளவரின் கண்ணோடு நம் கண்ணும் பேச இடமுண்டு. முகத்தை மறைத்துக்கொண்டு எடுக்கும் படத்துக்கும், முகம் காட்டி எடுக்கும் படத்துக்கும் வேறுபாடு உண்டு. இத்திரையைப் பயன்படுத்தும்போது குவியம் பிடிப்பது சற்றே மந்தமாகின்றது. அக்குறையையும் சொல்லிவிடல் வேண்டும்.

பொழுது புலருமுன் பிரட்டுக்களத்திலே தொழிலாளர் கூடும் வேளையில் இக்கமரா நன்கு பயன்பட்டது. மங்கிய ஒளியிலும் அது குவியத்தைப் பற்றிக்கொள்ளுகின்றது. விசைகள் சில ஒளிர்வதால் இருட்டில் தடவ வேண்டியதில்லை. லயத்து உள்ளறையில் ஒளியுணர் வேகத்தை 6400 வரை உயர்த்தியும் முகம் முகமாகவே இருந்தது. ஆனால் இதற்கு உடலோடு சேர்ந்த மின்னொளி விளக்கு இல்லை. வேண்டுவோர் தனியே வாங்க வேண்டும்.

ஓசையின்றிப் படமெடுக்கும் வழியும் இதிலுண்டு. கோவிற் பூசையிலும் துக்க வீட்டிலும் அஃது ஒரு நாகரிகம். ஆயினும் ஓடும் பொருளுக்கு அது பொருந்தாது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தருகே நின்று, பதுளைக்குச் செல்லும் புகைவண்டியை அவ்வழியில் எடுத்தேன். வண்டியின் நேரான பெட்டிகள் சாய்ந்த பெட்டிகளாகிவிட்டன. தகட்டின் வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய்ப் படிக்கும்போது வண்டி நகர்ந்துவிடுவதே காரணம். ஓசையெழுப்பும் பழைய ஷட்டருக்கு மாறியதும் பெட்டிகள் நிமிர்ந்துவிட்டன.

மின்கலம் ஒருமுறை நிறைத்தால் 1840 படங்கள் வரை எடுக்கலாம் என்பது தரமுறைப்படி அளந்த கணக்கு. 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில், இது வெறும் எண்ணன்று. ஆனால் படங்களைச் சேமித்து வைத்தல் பெருஞ்செலவு. முழு நுணுக்கத்தோடு, திருத்தம் செய்ய ஏற்ற மூலப்படம் ஒன்று ஏறத்தாழ 50 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஆயிரம் படம் எடுத்தால் ஐம்பது கிகாபைட் போயிற்று. இருமடி செலவு எதற்கு என்று கேட்பவர், 2 கோடியே 56 இலட்சம் புள்ளிகளுக்கோ, 1 கோடியே 14 இலட்சம் புள்ளிகளுக்கோ இறங்கிக்கொள்ளலாம். நினைவட்டைகள் இரண்டு செருகலாம். ஒரே படத்தை இரண்டிலும் பதியலாம். அவற்றுள் ஒன்று எக்ஸ்.கியூ.டி. என்னும் வகை. நான் கேட்ட கடைகளில் அது கிடைக்கவில்லை.

இனி விலையைப் பேசாமல் விடுதல் நேர்மையாகாது. வெளிவந்தபோது உடலின் விலை மட்டும் ஏறத்தாழ 3300 அமெரிக்க டொலர். 2022இல் டொலரின் பெறுமதி 300 ரூபாயைத் தாண்டியது. அக்கணக்கிலே, வரியும் வில்லையும் நீங்கலாக, ஏறத்தாழப் பத்து இலட்சம் ரூபாய். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாய் என வர்த்தமானியில் வெளியானது 2021இல். ஆகவே, என் தோளில் தொங்கியது, என் முன்னே கொழுந்து பறித்தவரின் ஆயிரம் நாள் உழைப்பு. இவ்வளவு விலையுயர்ந்த கருவியை இங்கே கொண்டுவந்து நிறுத்துவதற்கு அது என்ன நன்மை செய்கின்றது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை எனக்கும் உண்டு.

விடை, கையேட்டின் கடைசிப் பகுதியில் அடங்கிக் கிடந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து கிடைத்தது. பழைய பிலிம் நெகட்டிவை இக்கமராவினால் படம்பிடித்தால், அதன் கருமையை வெண்மையாகவும் வெண்மையைக் கருமையாகவும் தானே மாற்றித் தருகின்றது. நிறப் பிலிமுக்கும் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கும் தனித்தனி வழி. கமராவைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவர். எனக்கோ இதுவே தலையாய பயனாயிற்று.

காரணம் கேளுங்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று அன்று எழுதினார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கணக்கை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். கணக்கெழுதியவர்களுக்கு எண்கள், லயத்திலே இருந்தவர்களுக்கு அண்ணனும் அக்காளும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அதற்காக மலையிறங்கி நகரத்து ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள், பிரியுமுன் குடும்பத்தோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் தலைமன்னாரிற் கப்பலேறினார்கள். ஒரு பிரதி இராமேசுவரம் போயிற்று. ஒரு பிரதி லயத்துச் சுவரிலே தங்கிற்று. சுவரிலே தங்கியதைப் புகையும் ஈரமும் தின்றன. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது, உயிர்களோடும் வீடுகளோடும் சுவரிலிருந்த படங்களும் மண்ணுக்குள் போயின.

அப்படிப்பட்ட பழைய ஸ்டூடியோ ஒன்று மூடப்பட்டபோது, உரிமையாளரின் பிள்ளைகள் இரண்டு தகரப் பெட்டிகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். திறந்ததும் புளித்த வினாகிரி நெடி. அசெற்றேற்று என்னும் பொருளாலான பிலிம் பழுதடையும்போது எழும் நெடி அது. வெப்பமும் ஈரமும் அதனை விரைவாக்கும். ஒருமுறை தொடங்கினால் மெதுவாக்கலாம், மீட்க முடியாது. ஆகவே பிலிம் சுருண்டு போகுமுன் படியெடுத்தே ஆகவேண்டும்.

ஒளிப்பெட்டியின்மேல் நெகட்டிவை வைத்து, மேலே கமராவை அசையாது நிறுத்தி, நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் படியெடுத்தேன். கமரா தானே மாற்றித் தரும் படம், சுருக்கிய கோப்பாக மட்டுமே பதிவாகின்றது. உடனே பார்க்க அது போதும். காத்து வைக்க விரும்புவோர் மூலப்படமாக எடுத்து, கணினியிலே மாற்றிக்கொள்வதே சிறந்தது. நான் இரண்டும் செய்தேன். நெகட்டிவ் உறைகளின்மேல் இலக்கங்கள் மட்டுமே இருந்தன. யாருடைய முகம் என்று எழுதிய ஏடு எங்கோ தொலைந்து போயிற்று.

அச்சிட்ட படங்களைப் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். மடுவத்து மேசையிலே பரப்பி வைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இளம்பெண் ஒருத்தியின் படத்தைத் தாண்டிச் சென்றவர், மீண்டும் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தல்ல, மடியின்மேல் வைத்த கையைப் பார்த்து. முன்கையிலே பச்சை குத்திய சிறு கோலம். அஞ்சலட்டை அளவான படத்தில் அஃது ஒரு மங்கல் புள்ளியாகவே இருந்திருக்கும். பதினெட்டு அங்குலப் படத்தில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அம்மா தம் சேலைத் தலைப்பை விலக்கித் தம் முன்கையைக் காட்டினார். அதே கோலம். "திருவிழாவுல ரெண்டு பேரும் ஒரே நாளுல குத்திக்கிட்டோம், தம்பி. எங்க அக்கா" என்றார். 1971இல் கப்பலேறிய அக்காள். பெயரைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

நேயர்களே, 4 கோடியே 57 இலட்சம் புள்ளிகளுக்கு இதைவிடப் பெரிய நற்சான்றை நான் அறியேன். ஆயினும் அன்றைய தினத்தின் மறுபாதியையும் சொல்லவேண்டும். மேசையிலே பரப்பிய ஏனைய படங்களுள் மிகச்சிலவற்றையே எவரேனும் இனங்கண்டனர். மற்றவர்களின் கண்ணிமையை எண்ணலாம், சட்டைப் பொத்தானின் தையலைப் பார்க்கலாம், பெயர் தெரியாது. எத்துணைப் புள்ளிகளைச் சேர்த்தாலும் பெயரைப் படம்பிடிக்கும் தகடு இல்லை.

இது புதிய குறையும் அன்று. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டிலே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அவர் துயில்கின்றார். களுத்துறையில் இந்நாட்டு உழைப்பாளரை அவர் கண்ணாடித் தட்டிலே எடுத்த படங்கள் இன்று பிறநாட்டுக் காட்சிச்சாலைகளில் உள்ளன. எடுத்தவரின் பெயரை உலகம் அறியும். எடுக்கப்பட்டவர் பலரின் பெயரை எவரும் அறியார்.

டி 850இல் படத்தோடு சிறு குறிப்பு எழுதிச் சேர்க்கும் வசதி உண்டு. ஆங்கில எழுத்திலே எழுதவேண்டும். அதனை நான் பயன்படுத்தினேன். ஆனால் அதனினும் ஐம்பது ரூபாய்க் கொப்பி ஒன்றே எனக்கு மேலாகப் பட்டது. அதிலே தமிழில், சொன்னவர் சொன்னபடி, பெயரும் மலையும் லயத்தின் இலக்கமும் எழுதலாம்.

ஆகவே என் முடிவு இது. மலைக்கு ஏற்ற உறுதியும், இருட்டுக்கு ஏற்ற கண்ணும், முகத்தோடு முகம் பேசச் செய்யும் திரையும், பழைய பிலிமுக்குப் புத்துயிர் தரும் ஆற்றலும் உள்ள சிறந்த கருவி டி 850. பாரமும் விலையும் கோப்பின் பருமனும் அதன் குறைகள். ஒருவர் தனியே வாங்குவதைவிட, ஒரு வாசிகசாலையோ, பாடசாலையோ, பழைய மாணவர் சங்கமோ வாங்கி, பலரும் எடுத்தாளும்படி செய்தால் அதன் விலை நியாயமாகும். ஒருவருடைய முகத்தை எடுத்தால் அவருக்கு ஒரு பிரதி கொடுத்தல் வேண்டும். அதைச் செய்யாத கமரா எத்துணை உயர்ந்ததாயினும் இம்மலைக்குக் கடன்பட்டதே.

கமரா இல்லாதோரும் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. உங்கள் வீட்டுச் சுவரிலோ, பெட்டியடியிலோ இருக்கும் பழைய படத்தை எடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பசறை அம்மா தம் அக்காளின் படத்தைக் கையில் வாங்கியதும் முதலிற் கேட்டது அதைத்தான்: "பின்னால பேரு எழுதிட்டீங்களா தம்பி?" எழுதியிருக்கவில்லை. அவர் முன்னிலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.